மணல் வரைக்கும்

குணா படத்தை மறுபடியும் சுவரிலிருந்து இறக்கினான்.

கண்ணாடி போல வழவழக்கும் அக்ரிலிக் பிரிண்ட். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எந்தக் காலத்திலோ வரைந்த கடல். கிட்டே போனால் நீலமும் பச்சையும் வெறும் தீற்றல்கள். தள்ளி நின்றால் அலை புரண்டது. அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மணல்.

"இன்னும் மேல ஏத்துப்பா," என்றார் ஜாக்குலின் டீச்சர். எழுந்து வரவில்லை. எதிர்ச்சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"நேராத்தான் கீது டீச்சர். இதுக்கு மேல ஏத்துனா அண்ணாந்துதான் பாக்கணும். செவுரு வேற ஓட்டை ஓட்டையா ஆவுது."

"ஆவட்டும்."

ஆரணியில் பல பட்டுக்கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் குணா படம் மாட்டியிருக்கிறான். புதுப் பெயின்ட் அடித்த சுவரை இப்படிக் குதறச் சொன்னவர் யாருமில்லை.

டீச்சரின் கணவர் கிருபாகரன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வேற படமே கெடைக்கலியா உனக்கு? நம்ம வூட்டுக்குள்ள கடலக் கொணாந்து மாட்டணுமா?"

பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

குணா ஏணியில் ஏறிப் படத்தை ஏந்திப் பிடித்தான். அவர் சொல்லச் சொல்ல அங்குலம் அங்குலமாக உயர்த்தினான். கை கடுத்தது.

"போதும்," என்றார். "அங்கியே முடுக்கிடு."

துளையிட்டு, திருகுகளை முடுக்கி இறங்கினான். படம் கூரையை முட்டிக்கொண்டு விகாரமாக இருந்தது. கீழே பழைய துளைகள் வாய் பிளந்து கிடந்தன.

"உக்காருப்பா, காபி கொண்டாறேன்."

டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போனார். குணா அலுப்போடு அவருடைய நாற்காலியில் சாய்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

படத்துக்குள் யாரோ நின்றிருந்தார்கள்.

சட்டென்று திரும்பினான். அவன் தலைக்கு மேலே, பின்சுவரில், மாலை போட்ட ஒரு போட்டோ. பள்ளிச் சீருடையில் முழு உருவமாக நின்று சிரிக்கும் சிறுமி. ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் விழுந்திருந்தது.

மெல்லத் திரும்பி மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

அக்ரிலிக்கின் பளபளப்பில் அவளுடைய பிம்பம். இரண்டு கால்களும் மணலில் இருந்தன.

போன முறை மாட்டியபோது அலை அவள் இடுப்பளவு இருந்திருக்கும்.

அதற்கு முந்தைய முறை, அவள் நடுக்கடலில் இருந்திருப்பாள்.