கண்ணாடிக்குள் ஒரு லென்ஸ்

“அந்த லென்ஸை வெளிய எடுங்க. மாட்டிப் பாக்கணும்,” என்கிறேன். வாங்க முடிவெடுக்காத பொருளை எடுத்துக் காட்டச் சொல்லவே கூடாது என்று சொல்லி என்னை வளர்த்தவள் அம்மா, இதுபோன்ற கடைகளில் கண்ணாடி துடைத்தவள். கடைக்காரர் என் பழைய கேமராவையும், அதன் பட்டையில் நான் போட்ட தையலையும் பார்க்கிறார். “வெலை தெரியுமாம்மா?” வீட்டில் முதல் பட்டம் வாங்கிய வாய் சும்மா இருக்குமா? “சீட்டு ஒட்டியிருக்கே. படிக்கத் தெரியும்ணே.” சாவிக்கொத்து குலுங்க, கண்ணாடி அலமாரியைத் திறக்கிறார். மூன்று வாரமாக வாசலில் நின்று பார்த்த லென்ஸ், நிரம்பிய தம்ளரைப்போல அசைக்கப் பயமாக, குளிர்ந்து உள்ளங்கையில் உட்காருகிறது. மாட்டி அவரையே எடுக்கிறேன். மீசையின் ஒவ்வொரு நரையும் திரையில் தெரிகிறது. என் பழைய லென்ஸை மாட்டி மறுபடி எடுக்கிறேன். அதிலும் தெரிகிறது. அப்புறம் எனக்கு எதற்கு இது? ஆனாலும் கை புதியதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. “இதெல்லாம் பெரிய ஸ்டுடியோக்காரங்க வாங்குறதும்மா,” என்கிறார், ஆறுதலாகத்தான். அந்த ஆறுதலில் காதுமடல் எரிகிறது. பையிலிருக்கும் பேங்க் கார்டைத் தொடுகிறேன், விடுகிறேன், திரும்பவும் தொடுகிறேன். எனக்கு வேண்டியது லென்ஸா, அதை வாங்கும்போது இந்த மனிதர் முகம் போகும் போக்கா? பிடிபடவில்லை. மேசைக் கண்ணாடியில் என் ஐந்து விரல்களும் பனித்த தடமாகப் பதிந்திருக்கின்றன. லென்ஸை அதன் பக்கத்தில் வைக்கிறேன். “வேணாம்ணே. பாக்கத்தான் கேட்டேன்.” தடத்தைத் துடைக்கத் துப்பட்டா நுனியை எடுத்த கை பாதியில் நிற்கிறது. நுனியை உதறிவிட்டு வாசலைத் தாண்டுகிறேன். பின்னால் அவர் துணி தேடி இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.