பூட்டிய துப்பாக்கி

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். காட்டுப்பன்றிக்காக வாங்கியதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் பொன்னுத்துரை. குழலை மடக்கித் திறக்க முடியாதபடி, திறக்கும் நெம்பையும் விசையையும் சேர்த்துக் கவ்வியிருந்தது ஒரு பூட்டு.

"திறங்கண்ணே. காலியா இருக்கான்னு பார்த்துத்தான் எழுதணும்," என்றார் ஏட்டு.

"சாவி தொலைஞ்சு மூணு வருஷமாச்சு. குடிச்சிட்டு எங்கயோ போட்டுட்டேன். அந்த நாளோட குடியையும் விட்டுட்டேன்ல." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பட்டறையிலிருந்து ஆள் வந்து பூட்டில் ரம்பத்தை வைத்தபோது, பொன்னுத்துரை மறந்துவிட்டு வந்த லைசென்ஸ் புத்தகத்தோடு மனைவி செண்பகம் உள்ளே வந்தாள்.

"ஐயோ, அறுக்காதீங்க! உள்ள தோட்டா இருக்கு."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள். ஊக்குகளுக்கு நடுவில் ஒரு சாவி கிடந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. "என்னைப் பார்த்துத்தானய்யா நீட்டுனாரு. அவர் தூங்குனப்புறம் நான்தான் பூட்டுனேன்."

அப்படி எதுவும் நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் பொன்னுத்துரை. நினைவிருந்தது.

ஏட்டு திறந்தார். இரண்டு தோட்டாக்கள் மேஜையில் உருண்டன. பட்டறை ஆள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

"தேர்தல் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க," என்று சாவியை அவரிடம் நீட்டினார் ஏட்டு. பொன்னுத்துரைக்குக் கை எழவில்லை. செண்பகம்தான் வாங்கினாள். வாங்கி, அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், பழைய ஊக்கிலேயே அதைக் கோத்துக்கொண்டாள்.