நூற்றில் ஏழு போனால்

"நூறுல ஏழு போனா எவ்வளவு அண்ணாச்சி?"

"தொண்ணூத்து மூணு."

"அதுல ஏழு?"

"எம்பத்தாறு. எழுவத்தொம்பது. தேயிலைக் கொழுந்து எடை போடயில சாக்குக்குக் கழிச்சுக் கழிச்சுப் பழகினது டாக்டரே. பைய சொல்லணுமா?"

டாக்டர் மெர்வின் மூன்று விடைகளுக்கும் சரி போட்டார். கட்டிலில் கிடந்த இசக்கிதுரையின் வலது கால் முழங்கால் வரை கறுத்துவிட்டது. இன்றைக்குள் எடுக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். ஆளோ வேண்டாம் என்கிறார். புத்தி தெளிந்தவர் வேண்டாம் என்றால் கத்தி வைக்கக் கூடாது. குழம்பியவர் என்றால் வைக்கலாம். அதற்குத்தான் இந்தப் பரீட்சை. ஒரு கேள்வியிலாவது அவர் தோற்க வேண்டும் என்று மெர்வின் கர்த்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"வீடு எங்கன?"

"மாஞ்சோலைல இருந்துச்சு. எஸ்டேட்ட மூடி எல்லாரையும் எறக்கி விட்டாச்சு. இப்போ கீழ வாடகை வீடு."

"வீட்ல யாரு?"

"யாருமில்ல. எம் பொஞ்சாதி சுடலைவடிவு செத்து மூணு வருசமாச்சு. மேலதான் புதைச்சோம்."

"கால எடுக்கலன்னா என்னாகும், தெரியுமா?"

"செத்துருவேன். வீட்டக் கேக்காம எடுத்தாவ. காலக் கேட்டுல்லா எடுக்கீய. கேட்டா, வேண்டாம்னு சொல்லலாம்லா?"

நூற்றுக்கு நூறு.

"பாஸாயிட்டாரே டாக்டர்" என்றாள் நர்ஸ் ஸ்வீட்லின், துக்கம் விசாரிக்கும் குரலில்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவளே ஓடி வந்தாள். "டாக்டர், அவரு ஒத்துக்கிட்டாரு."

இசக்கிதுரை காய்ச்சலில் முகம் சிவந்து, சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒத்துக்கொள்கிறவர்களுக்குப் பரீட்சை கிடையாது. 'தெளிவான மனநிலையில் தந்த சம்மதம்' என்று எழுதி, மெர்வினும் கீழே கையெழுத்துப் போட்டார்.

"நல்ல முடிவு அண்ணாச்சி."

"சட்டுனு வெட்டி விடுங்க டாக்டரே. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா மாஞ்சோலைக்கு நடந்துல்லா ஏறணும். சுடலைவடிவு சோத்த வடிச்சு வச்சிக்கிட்டு வாசலப் பாத்து உக்காந்திருப்பா."

மெர்வின் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"தியேட்டருக்குத் தள்ளுங்க சிஸ்டர்."