நடுவில் ஒரு தரகர்

ஊர் ஊராக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ நண்பர்களின் காலை அழைப்பு தொடங்கிவிட்டது.

அவர் நாற்காலியை ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கழுத்துத் துளையின் மேல் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தார்.

"வடமலை சார், இருக்கீயளா?"

தூத்துக்குடி பொன்சேகரின் குரல். ஒவ்வோர் ஊர்க்காரராகக் கூப்பிட்டு வருபவர், இந்தப் பெயரில் மட்டும் சற்று நின்று காத்திருப்பார்.

அவர் மைக்கின் பொத்தானை அழுத்தினார். பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை. எரியாது என்று அவருக்குத் தெரியும்.

"மக வீட்லேர்ந்து இன்னும் திரும்பல போல. சரி."

மகள் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வடமலை மருத்துவமனைக்குப் போனார். குரல்வளையை எடுக்கப் போகிறார்கள் என்று இவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை வருடமும் இவர்களுக்கு அவர் வெறும் குரல்தான். ஒருவருடைய போன் நம்பரும் அவரிடம் கிடையாது. காற்றே இருக்கும்போது நம்பர் எதற்கு என்பார். அந்த வீறாப்புக்கு இப்போது நல்ல கூலி.

வீடு திரும்பியதும் ஒரு வழி தோன்றியது. அவர் தட்டச்சு செய்தால் கணினி பேசும். பேசும்போது அதுவே செட்டை இயக்க, இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு வேண்டும்.

அவருடைய பழைய கணினி அனுப்புவது பன்னிரண்டு வோல்ட். செட் தாங்குவது ஐந்து.

"பொண்ணு வீட்டையும் மாப்ள வீட்டையும் நேரா மோத விடாதீங்கய்யா. நடுவுல ஒரு தரகரப் போடுங்க."

குரல் இருந்த நாளில் எத்தனை பேருக்கு இதை ரேடியோவில் சொல்லியிருப்பார். தரகர் என்றால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன சிப், கூடவே சில கெபாசிட்டர்கள். அவ்வளவுதான்.

அந்தத் தரகரைச் செய்ய உட்கார்ந்தார். பாதி பற்றவைத்துவிட்டு, மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். அலமாரியில் கிடந்த பழைய கேபிளைக் கணினிக்கும் செட்டுக்கும் மாட்டி, இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டும் வைத்திருந்தாள்.

"ரெண்டு பக்கமும் கச்சிதமா சேந்துச்சுங்க. எந்திரிச்சதும் பேசுவீங்கன்னு மாட்டிட்டேன்."

செட்டுக்குக் காது மிஞ்சியது. வாய் போய்விட்டது; பன்னிரண்டு வோல்ட் நேரே பாய்ந்து, பேச்சை அனுப்பும் பகுதி கருகியிருந்தது.

அதற்கான உதிரி இப்போது வருவதே இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். மருத்துவமனைச் செலவு போக மிஞ்சிய பணத்தில் வேறு செட்டைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

அவளைத் திட்டக்கூட அவரால் முடியவில்லை. அதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள்.

"அண்ணே, காரைக்குடி மீனாள் பேசுறேன்." செட்டில் இப்போது, புதிதாக உரிமம் வாங்கிய பெண்ணின் குரல். "கம்ப்யூட்டர செட்டோட இணைக்கணும். கேபிள் இருக்கு. அப்படியே மாட்டலாமா?"

இரைச்சல். பிறகு பொன்சேகர்தான் பேசினார்.

"அதெல்லாம் வடமலை சாருக்குத்தான் அத்துப்படி. அவுக இல்லையே."

"ரெண்டு பக்கமும் சரியா சேருதுண்ணே."

அவர் பொத்தானை அழுத்தினார். விட்டு, மறுபடி அழுத்தினார். கட்டைவிரல் வெளுத்துப்போனது.

"சேருதுன்னா மாட்டிப் பாரு தாயி. என்ன ஆயிரப்போவுது."

மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். செட்டின் முன்னால் குனிந்தாள்.

"மாட்டிராதம்மா. நடுவுல தரகர் வேணும். மாட்டிராத."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரியவில்லை. பொன்சேகர் அடுத்த ஊரைக் கூப்பிட்டார்.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.