புல் வாசம் போகிற வேகம்

மைதிலி மொட்டை மாடியில் ஆள் உயரப் பிளாஸ்டிக் பையை ஊதிக் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு ரங்காத்தாள் துணி ஊறவைக்க வந்தாள். துணி ஒரு சாக்கு; வந்தது வேவு பார்க்க.

மாடி அறையில் குடியிருக்கும் இந்தப் பெண் கோயமுத்தூர்க் கல்லூரியில் ஆல்கஹால் ஆராய்ச்சி செய்கிறாள். அதை, அறைக்குள்ளேயே சாராயம் காய்ச்சுகிறாள் என்று நல்லூர் முழுக்கச் சொல்லி வைத்தது ரங்காத்தாள்தான்.

மைதிலி பைக்குள் ஒரு சொட்டு விட்டாள். வாசம் மாடியெல்லாம் பரவியது.

இப்போதுதான் அறுத்த பச்சைப் புல்!

"இதுவும் ஒரு ஆல்கஹால்தானுங்கக்கா. அடுத்து குளோரினை விடுவேன். வெயில் பட்டா அது ரெண்டா உடைஞ்சு இந்த வாசத்தைத் தின்னுரும். எவ்வளவு வேகமாத் திங்குதுன்னு பாக்கறதுதான் என் வேலை. ப்ளீச்சிங் கம்பெனிப் பக்கமெல்லாம் புல் வாசம் ஒரு நிமிசம் நிக்காதுங்க."

ரங்காத்தாளின் கை வாளிக்குள் அப்படியே நின்றது.

வாளியில் இருந்தது அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரியின் நீலச் சட்டை. பதினோரு வருஷமாகத் துணி வெளுக்கும் ப்ளீச்சிங் பட்டறையில் வேலை. மனிதர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் குளோரின் நெடியில் மூக்கு எரியும். பத்து நாளாக அந்த நெடி இல்லை. சட்டையில் பச்சைப் புல் வாசம். கம்பெனியில் புதுச் சோப்பு கொடுக்கிறார்கள் என்று தெருவில் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.

அப்படியானால் பத்து நாளாக மனிதர் பட்டறைக்கே போகவில்லை. வேலை போய்விட்டது. எங்கோ புல் அறுக்கிறார்.

"மதினி, மேலயா இருக்கிய? இந்தா வாரேன்!"

பக்கத்து வீட்டு விஜயராணி. தெக்கத்திக்காரி. போன மாதம் அவள் புருஷன் சகாயராஜுக்கு வேலை போன சேதி, அவன் வீடு வந்து சேரும் முன்பே பஸ் ஸ்டாப் வரை போயிருந்தது. கொண்டுபோன வாய் எது என்று சொல்லவும் வேண்டுமா? இனி அவள் முறை.

படியில் கால் சத்தம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போட வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரை ரங்காத்தாள் டப்பாவோடு சட்டையின் மேல் கவிழ்த்தாள். வாளியை வெயிலுக்கு இழுத்தாள்.

"கண்ணு, எத்தன நிமிசத்துல திங்கும்?"

மைதிலி வாயைத் திறப்பதற்குள் விஜயராணி வந்துவிட்டாள். மூக்கைப் பொத்தினாள். நீலம் வெளுத்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு ரங்காத்தாளின் முகத்தை.

"தெரிஞ்சு போச்சா மதினி?" என்றாள் மெல்ல. "அப்ப அண்ணன் அருவாள இனி இங்கனயே வச்சிக்கிடச் சொல்லுங்க. தெனமும் எங்க வீட்டுலதான் ஒளிச்சு வச்சிட்டு வாராக. அண்ணனும் எங்க வீட்டுக்காரவுகளும் சேந்துதான புல்லறுக்கப் போறாக."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பத்து நாளாகியும் விஜயராணி வாயிலிருந்து இந்தச் சேதி அதைத் தாண்டவில்லை.