கெட்டி எலும்புக்காரி

"எலும்பு கெட்டின்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏணி ஏறக்கூடாதுன்னா எப்படி டாக்டர்?" கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டி எக்ஸ்ரே மாட்டிய விளக்குப் பெட்டியின் வெளிச்சம் அவள் நகக்கண்ணில் காய்ந்துபோன நீலத்தின் மேல் விழுகிறது. டாக்டர் பேனா மூடியால் படத்தைத் தொட்டுக் காட்டுகிறார். மேலும் கீழும் எலும்பு வெள்ளைவெளேரென்று இருக்கிறது. நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளிதான் ஒரு பக்கம் மயிரிழையாகிவிட்டது. "எலும்பு அடர்த்தியா இருக்கறது வேற, மூட்டு தேயறது வேறம்மா. சொல்லப்போனா அடர்த்தி அதிகமா இருக்கறவங்ககிட்டதான் இந்தத் தேய்மானத்தை நிறைய பாக்கறோம்." "நல்லா இருக்கே நியாயம்," என்று அவள் சிரிக்கிறாள். "சுவர் கெட்டியாத்தான் நிக்குது, மேல பூசின பட்டி உதிருது. அதுக்காக வீட்டையா இடிப்பாங்க?" பின்னால் நிற்கும் தங்கை அவள் தோளைக் கிள்ளுகிறாள். "கக்கூஸ்ல உக்காந்துட்டு எழுந்திரிக்க என்னைக் கூப்பிடறியே, அதையும் சொல்லுக்கா." "தங்கச்சின்னு பின்ன எதுக்கு இருக்கே?" மேசையைப் பிடிக்காமல் அவள் எழுகிறாள். வலது முட்டி சுள்ளி ஒடிவதுபோல் சத்தமிடுவது மூவருக்கும் கேட்கிறது. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நாளைக் காலைக்குள் வேலையிடத்தில் தகுதிச் சான்றைக் கொடுக்காவிட்டால் ஏழாம் மாடிச் சாரத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான். பையிலிருந்து அந்தச் சான்றுத் தாளை எடுத்து விரித்து, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, டாக்டரின் பேனாவுக்கு நேராக நகர்த்துகிறாள். "உயரத்துல நின்னு வேலை செய்யலாம்னு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து போடுங்க டாக்டர்."