கழற்றிய பிறகும்

எந்தக் கணினியையும் திறக்கும் முன் அதிலுள்ள டிரைவ்களைப் பட்டியலிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக் டெரன்ஸின் வழக்கம். இந்த முறை மூன்று வரிகள் வந்தன. சி, டி, அப்புறம் எபனேசர்.

"அது எங்க வீட்டுக்காரரு பேரு. அவரு போயி நாப்பது நாளாச்சு" என்றாள் கணினியைக் கொண்டுவந்தவள். "எல்லாத்தையும் அழிச்சிருங்க தம்பி. வித்துரலாம்."

உள்ளே இருந்தது சி, டி இரண்டும் அடங்கிய ஒரே டிஸ்க்தான். டெரன்ஸ் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தன் பென்டிரைவை மாட்டிக் கணினியை உயிர்ப்பித்து ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினான். பென்டிரைவின் வரி வந்தது. அதன் கீழே எபனேசர். காலி இடம் முன்பைவிடக் குறைந்திருந்தது. இன்னொரு முறை ஓட்டினான். இன்னும் குறைந்திருந்தது.

"எதையாவது எழுதிக்கிட்டே இருப்பாரு மனுசன்" என்றாள் அவள்.

கழற்றிய டிஸ்க்கில் வாடிக்கையாளரின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். டெரன்ஸ் ஸ்டிக்கரை எடுத்தான். "உங்க பேரு என்னக்கா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதையும் தட்டவில்லை. ஆனாலும் எபனேசருக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. சலோமி. முழுக்கக் காலி.

"அதான் தம்பி" என்றாள். "எழுதிக்கோங்க."